மூன்றாவது ஓட்டு

உறைகருக் காப்பகத்தின் விசாரணை அறையில் நாற்காலிகள் இரண்டுதான். மூன்றாவது ஓட்டாளருக்கு உட்கார இன்னும் உடம்பு வரவில்லை.

"பத்து வருஷம் முடிஞ்சுதுங்க," என்றார் பதிவாளர் ஜெசிந்தா. "கருவை இன்னும் வெச்சிருக்கறதா, அழிச்சிடறதா? மூணுல ரெண்டு ஓட்டு எந்தப் பக்கமோ, அதுதான் முடிவு."

"அழிச்சிருங்க." லோகேஷ்வரன் தன் முன்னிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

அவன் கையை எடுப்பதற்குள் சம்யுக்தா தன் பச்சைப் பொத்தானை அழுத்தியிருந்தாள்.

விவாகரத்தாகி ஆறு வருடம். அதே வருடம்தான் புற்றுநோய் அவளுடைய இரண்டு சூலகங்களையும் கொண்டுபோனது. கர்ப்பப்பை தப்பியது. உறைநிலையில் கிடக்கும் அந்த ஒரு கருதான் அவள் இனி பெறக்கூடிய ஒரே சொந்தப் பிள்ளை. பழைய சட்டப்படி கணவன் வேண்டாம் என்றால் கதை முடிந்தது. அதை உடைக்கத்தான் நான்கு வருடம் தட்டி பிடித்துத் தெருவில் நின்று 'முன்குரல்' சட்டத்தைக் கொண்டுவந்தாள்.

கருவின் மரபணுவையும் பெற்றோரின் வழக்குக் கட்டையும் கோத்து, அந்தப் பிள்ளை இருபத்தொரு வயதில் எப்படி யோசிக்கும் என்று கணித்துப் பேசி, அதன் சார்பில் மூன்றாவது ஓட்டைப் போடும் இயந்திரம் முன்குரல். பிறக்க மாட்டேன் என்று எந்தப் பிள்ளை சொல்லும் என்ற தைரியம் அவளுக்கு.

"மெஷின்கிட்ட பிள்ளை கேக்கற பொம்பளையை இப்பதான் பாக்கறேன்," என்றான் லோகேஷ்.

"மனுஷன்கிட்ட கேட்டுப் பாத்தாச்சு. வேலைக்காகல."

ஜெசிந்தா விசையைத் தட்டினார். சுவரிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"என்னை வெச்சிருங்க."

சம்யுக்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெயித்துவிட்டாள்.

"எத்தனை வருஷத்துக்கு?" என்றார் ஜெசிந்தா. காலத்தை முன்குரல்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலம் முடியும்வரை யாரும் கருவை வெளியே எடுக்கக் கூடாது. லோகேஷ் எடுத்து அழித்துவிடுவானோ என்ற பயத்தில் அந்த விதியைச் சேர்க்க வைத்தவளும் சம்யுக்தாதான்.

"நூறு."

"நூறு நாளா?" என்றாள் சம்யுக்தா.

"வருஷம். உங்க கேஸ் கட்டை முழுசாப் படிச்சுட்டேன். நீங்க ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்த பின்னாடி, வேற யாராச்சும் வயித்துல பொறந்துக்கறேன்."

ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தார். "முடிவு பதிவாக இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குங்க. ஓட்டை மாத்தறவங்க மாத்திக்கலாம்."

லோகேஷ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "சம்யு, திமிரைப் பாத்தியா? உனக்கும் இல்லாம, எவளோ ஒருத்தி பெத்துக்கறதுக்கா இத்தனை பாடு? சிவப்பை அழுத்திரு. தலைமுழுகிடலாம்." ஆறு வருடத்தில் முதல்முறையாக அவன் குரலில் கனிவு இருந்தது.

அவள் விரல் சிவப்புப் பொத்தான்வரை போனது. அவன் சொல்வது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. நான் சொன்னேன், அவள் கேட்டாள் என்று சாகும்வரை சொல்லித் திரிவான்.

"நீ சொல்லி நான் செய்யறதா? அந்த நெனப்பே வேண்டாம்," என்று பச்சையையே மறுபடி ஓங்கி அழுத்திவிட்டு எழுந்தாள். கதவருகே போய்க் கைப்பிடியைத் திருப்பினாள்.

பின்னால் ஜெசிந்தா தணிந்த குரலில் சுவரிடம் கேட்பது காதில் விழுந்தது.

"ஏம்மா, ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்து உன்னை அழிச்சிருந்தா?"

"ஒண்ணு சேர்ற ஆளுகளா இருந்தா, நான் எதுக்குங்க நூறு வருஷம் கேக்கறேன்?"