பன்னிரண்டு வாரம் வெளியே வராதீர்கள்

பாபின் தெரு பதினேழாம் எண் வீட்டுக்கு கிளெனிஸ் ஓர்மராட் குடிவந்தது என் பேச்சைக் கேட்டுத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மறைத்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

இங்கிலாந்தில், பர்ன்லி ஊரில் ஒரு டாக்டர் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக ஆஸ்துமா நர்ஸாக இருக்கிறேன். பெயர் வாசுகி, ஊரார் வாயில் வாசு. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், உண்மைதான். கிளெனிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்து, மூச்சு ஒத்துழைக்காமல் நின்றவள். தனிக்கட்டை. அவளுடைய பழைய ஃப்ளாட்டின் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. "அங்கேயே கெடந்தா சீக்கிரம் போய்ச் சேந்துருவீங்க, வேற வீடு பாருங்க" என்று ஒருநாள் நன்றாகத் திட்டிவிட்டேன். பிப்ரவரி கடைசியில் இந்தப் பழைய கல்வீட்டைப் பிடித்தாள்.

"ஈரமே இல்ல கண்ணு, எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு" என்று பூரித்துப்போய்ச் சொன்னாள். "ஒரே ஒரு குறை. படுக்கையறையில யாரோ இப்பத்தான் புகையிலை புடிச்சுட்டுப் போன மாதிரி ஒரு வாடை. ஜன்னலைத் தெறந்தா போயிருது."

அடுத்த மாதம் நாடே கதவைச் சாத்திக்கொண்டது.

நர்ஸ்கள் எங்களைக் கிளினிக் மாடியறையில் டெலிபோனோடு உட்கார வைத்தார்கள். கொரோனா வந்தால் தாங்க மாட்டார்கள் என்று நினைத்தவர்களுக்கெல்லாம் அரசாங்கம் கடிதம் அனுப்பியது: பன்னிரண்டு வாரம் வீட்டை விட்டு வெளியே வராதீர்கள். இதற்கு ஷீல்டிங் என்று பெயர். ஆஸ்துமாக்காரர்களில் யாருக்குக் கடிதம் வரும், யாருக்கு வராது என்று எங்களுக்கே தெரியாது. வராதவர்கள் ஏன் வரவில்லை என்று அழுதார்கள். வந்தவர்கள் ஏன் வந்தது என்று அழுதார்கள். காலை எட்டு மணி முதல் இதே கூத்து.

கிளெனிஸுக்குக் கடிதம் வரவில்லை.

"என்னை மறந்துட்டாங்க கண்ணு. வரி வாங்கறதுக்கு மட்டும் ஒருநாளும் மறந்ததில்ல" என்றாள். "நான் கடைக்குப் போகலாமா, கூடாதா? நீ சொல்றதைத்தான் கேப்பேன்."

நேரில் பார்க்காமல் மூச்சை அளக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. "படுத்துக்கோங்க. போனை நெஞ்சு மேல வைங்க. ஒரு நிமிஷம் பேசாதீங்க, சும்மா மூச்சு விடுங்க" என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன்.

நாற்பத்திரண்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு மூச்சு விடுகிறவளால் வரியைப் பற்றிக் கிண்டல் பேச முடியாது, ஒரு வார்த்தைகூட முழுதாக வராது. மறுபடி எண்ணினேன். அப்போதுதான் புரிந்தது.

அவள் மூச்சை விடும்போது, இன்னொன்று இழுத்தது.

கிளெனிஸின் மூச்சில் எனக்குப் பழக்கமான மெல்லிய விசில் இருந்தது. மற்றது கனமானது, சளி அடைத்தது. அது போனுக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது.

"பக்கத்துல யாரு?"

"யாரு இருக்கா? எம் புருஷன் ஓடிப்போயி இருபது வருஷம் ஆச்சு. திரும்பி வந்தா மொத போன் உனக்குத்தான்!"

லைன் கோளாறு என்று முடிவு கட்டினேன். அன்றைக்கு இன்னும் முப்பத்தோரு பேர் காத்திருந்தார்கள். அவள் போன வருடம் எத்தனை முறை ஸ்டீராய்டு எடுத்தாள் என்று டாக்டரிடம் காட்டி, பெயரையும் பாபின் தெரு விலாசத்தையும் பட்டியலில் ஏற்றினேன். கூடவே கதவில் ஒட்ட ஒரு தாள் அனுப்பினேன். 'ஷீல்டிங் செய்பவர் வசிக்கிறார். உள்ளே வராதீர்கள்' என்று பெரிய எழுத்தில்.

"குப்பை போடக்கூட வாசலைத் தாண்டாதீங்க. பெத்த தாயே வந்தாலும் கதவைத் தெறக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"எங்கம்மாவா? உயிரோட இருந்தப்பவே நான் தெறந்ததில்ல" என்று சிரித்தாள்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, அவளே கூப்பிட்டாள். சிரிப்பு இல்லை. குரல் கிழிந்திருந்தது.

"இன்ஹேலர் தீந்துபோச்சு."

"இருநூறு தடவை அடிக்கிற மருந்து! பத்து நாள்ல எப்படித் தீரும்?"

"நான் எடுக்கல கண்ணு. வாய்ல வெச்சா கையைத் தட்டிவிடுது. அப்புறம் கீழ கெடந்து தானா அடிச்சுக்குது. புஸ்ஸு, புஸ்ஸுன்னு. தீர்ற வரைக்கும். எனக்கு மூச்சு முட்டறதை அது உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கு."

"எது?"

"மெதுவாப் பேசு. அதுக்குக் கேக்கும்."

பிறகு ஓர் அறை விழுந்தது.

சதையில் உள்ளங்கை விழும் சத்தம் எனக்குத் தெரியும். இரண்டாவது விழுந்தது. மூன்றாவதற்குப் போன் தரையில் விழுந்து தொடர்பு அறுந்தது.

யாரோ ஒருத்தன் உள்ளே இருக்கிறான், இவள் பயத்தில் மறைக்கிறாள். எந்த நர்ஸும் அப்படித்தான் நினைத்திருப்பாள். வீட்டுக்குள் அடைபட்ட ஆண்களிடம் அடிவாங்கும் பெண்கள் அந்த மாதத்தில் எங்களுக்கு எத்தனையோ பேர். உடனே போலீசுக்குச் சொன்னேன். இரண்டு பேர் போனார்கள். அரை மணி நேரத்தில் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"மாடி ஜன்னல்லேர்ந்து பேசினாங்க மேடம். ஒரு கண்ணு வீங்கியிருக்கு. கதவுல மோதிக்கிட்டேன், தனியாத்தான் இருக்கேன்னு சொல்றாங்க."

"உள்ள போய்ப் பாக்கலையா?"

"எப்படிப் போறது? கதவுல உங்க கிளினிக் தாள்தான் ஒட்டியிருக்கு. உள்ள வராதீங்கன்னு நீங்களே போட்டுட்டு, ஏன் போகலன்னு நீங்களே கேக்கறீங்களே!"

கிளெனிஸைக் கூப்பிட்டேன்.

"அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? ஆளே இல்லாத கை என்னை அடிக்குதுன்னா?" இருமினாள், நீண்ட நேரம். "கண்ணு, நான் வெளிய வந்துரட்டுமா? நடைபாதையில உக்காந்துக்கறேன். நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

என் வாழ்நாளில் அதைவிடச் சுலபமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் நான் அன்று நர்ஸாக இருந்தேன். போன வாரம் மட்டும் என் நோயாளிகளில் நான்கு பேர் கொரோனாவில் போயிருந்தார்கள்.

"வெளிய வந்து கொரோனா தொத்திக்கிச்சுன்னா மூணு நாள் தாங்க மாட்டீங்க. நாளைக்கு வேற எடம் ஏற்பாடு பண்றேன். இன்னிக்கு ஒரு நாள் உள்ளயே இருங்க."

"சரி கண்ணு" என்றாள். நான் சொன்னால் கேட்பவள்.

மனசு கேட்கவில்லை. சாயங்காலம் எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளம்பப் போனவள் மறுபடி கூப்பிட்டேன். நல்ல வெளிச்சம் இருந்தது. ஒவ்வொரு வியாழனும் எட்டு மணிக்கு ஊரே வாசலில் நின்று டாக்டர், நர்ஸ்களுக்காகக் கைதட்டும். கிளெனிஸ் போனை எடுத்தாள், பேசவில்லை. மூச்சு மட்டும் வந்தது, இரண்டும்.

எட்டு அடித்தது. போன் வழியாகப் பாபின் தெருவின் கைதட்டல் கேட்டது. சட்டியும் கரண்டியும் சேர்ந்துகொண்டன.

அதற்குள்ளிருந்து அவள் அலறினாள்.

அது இந்த வேளைக்காகத்தான் காத்திருந்தது. ஒருவருக்கும் கேட்காத ஐந்து நிமிடம்.

ஏதோ முறிந்தது, காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி. மறுபடி ஒன்று. விலா எலும்பு. நான் போனைப் போட்டுவிட்டுக் காருக்கு ஓடினேன்.

எங்கள் கிளினிக்கிலிருந்து பாபின் தெரு நான்கே நிமிடம். முனையில் இறங்கி ஓடினேன். நர்ஸ் உடுப்பு, முகத்தில் மாஸ்க். இரண்டு பக்கமும் வாசல்களில் ஜனம். "கதவை உடைங்க! பதினேழாம் நம்பர்! கொல்றான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

என்னைப் பார்த்ததும் தெருவே ஆர்ப்பரித்தது.

"நம்ம நர்ஸம்மா! நம்ம நர்ஸம்மா!" என்று ஒருவர் வாணலியைத் தூக்கி அடித்தார். ஒரு பெண் கண்ணீரோடு எனக்கு முத்தம் பறக்கவிட்டாள். மாஸ்க்குக்குள் என் வாய் அசைந்தது யாருக்கும் தெரியவில்லை. நான் கையை ஆட்டிக் கெஞ்சினேன், அவர்களும் கையை ஆட்டினார்கள். அட பாவிகளா!

பதினேழாம் எண் கதவின் கண்ணாடியை யாருடைய பூந்தொட்டியையோ எடுத்து உடைத்தேன். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

உள்ளே புகையிலை வாடை மூக்கை அடைத்தது. மாடிப்படியில் ரத்தத் துளிகள். படுக்கையறையில் கிளெனிஸ் மல்லாந்து கிடந்தாள். உதடு நீலம். அவள் நெஞ்சின் நடுவில் சட்டை, யாரோ முழங்காலை ஊன்றியது போலக் குழிந்திருந்தது. அந்தக் குழி நான் பார்க்கும்போதே இன்னும் ஆழமாக இறங்கியது.

அங்கே யாரும் இல்லை.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என் மணிக்கட்டை ஏதோ பற்றியது. சூடான, தடித்த விரல்கள். ஒரே முறுக்கு, எலும்பு இரண்டாயிற்று. அடுத்த கணம் அலமாரியில் போய் விழுந்தேன், பின்மண்டை வெடித்தது. என் காதருகே சளி அடைத்த மூச்சு ஒன்று நிதானமாக வந்து போயிற்று.

எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் தமிழில் சொன்னேன். ஒடியாத கையால் கிளெனிஸின் கழுத்துப்பட்டியைப் பிடித்து, படி படியாக இழுத்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படியில் அவள் உடம்பு நின்றுவிட்டது.

அது அவள் காலைப் பிடித்திருந்தது.

வாசலில் எதிர்வீட்டு நார்மன், பழைய பஸ் டிரைவர், இரண்டு மீட்டர் தள்ளியே நின்றார். "ஷீல்டிங் வீடாச்சேம்மா! நான் கிட்ட வரலாமா?"

"வந்து புடிய்யா!"

வந்தார். இரண்டு பேரும் இழுத்தோம். அந்தப் பக்கமும் இழுத்தது. இடுப்பு மூட்டு விலகும் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. பிறகு அது விட்டுவிட, மூவரும் நடைபாதையில் போய் விழுந்தோம். கதவு தானாக அறைந்து சாத்திக்கொண்டது.

நார்மனுக்கும் ஆஸ்துமா; அவர் பையிலிருந்த இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அடித்தேன். பதினோராவது அடியில் மூச்சு வந்தது. எனக்கு அழுகை வந்தது.

யாரோ அடித்துவிட்டுப் பின்வழியாக ஓடிவிட்டான் என்று போலீஸ் எழுதியது. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் வீட்டுக்குள் போனதற்காக, கட்டுப் போட்ட கையோடு என்னையும் பதினாலு நாள் வீட்டுக்குள் அடைத்தார்கள். தினமும் கிளெனிஸ் கிடந்த ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் செய்தேன். ஒன்பதாம் நாள் அவள் தொண்டையிலிருந்த மூச்சுக்குழாயை எடுத்தார்கள். ஒரு நர்ஸ் போனை அவள் காதில் வைத்தாள்.

"என்னை அங்க திருப்பி அனுப்பிறாத கண்ணு."

"சத்தியமா அனுப்ப மாட்டேன். உங்க தங்கச்சி பெரில் வீட்டுக்குத்தான். மோர்க்கம்ல கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்."

"இப்பவாவது புத்தி வந்துதே உனக்கு" என்றாள். அந்தக் குரலில் பழைய கேலி எட்டிப் பார்த்தது. வார்டு சிஸ்டரிடம் மூன்று முறை சொல்லி, பெரில் வீட்டு விலாசத்தை எழுத வைத்தேன்.

பதினைந்தாம் நாள் காலை, அவளைப் பார்க்கப் போகக் காரை எடுக்கும் முன் வார்டைக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள்.

"ஓர்மராட்டா? காலையிலயே அனுப்பிட்டோமேம்மா. படுக்கை தேவைப்பட்டுச்சு. தங்கச்சி வீட்டுல யாருக்கோ இருமலாம், அங்க அனுப்பக் கூடாதில்ல? ஷீல்டிங் பட்டியல்ல இருக்கிற விலாசத்துக்கே கொண்டுபோய் விட்டாங்க. மாடியில படுக்க வெச்சு, கதவைப் பூட்டி, சாவியைத் தபால் துவாரத்துல போட்டாச்சு. ரொம்ப அழுதாங்களாம், பாவம். நாங்க குடுத்த மருந்துக்குக் கொஞ்சம் மனக்குழப்பம் வரும்."

பட்டியலில் அந்த விலாசத்தை ஏற்றியது நான்.

ஒரு கையால் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. பாபின் தெருவில் சுள்ளென்று வெயில். பதினேழாம் எண் கதவுக்கு வீட்டுச் சொந்தக்காரர் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். நார்மன் நடுத்தெருவில் நின்றார், அவர் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"உள்ள போகப் பாத்தேம்மா, தூக்கி எறிஞ்சுருச்சு. போலீஸ் வருது. பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் உன் பேரைச் சொல்லித்தான் கத்திக்கிட்டிருந்தா."

மாடி ஜன்னலைப் பார்த்தேன். அந்த வெயிலிலும் கண்ணாடியின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. அது மெல்ல விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. யாரோ கண்ணாடியில் வாயை வைத்து மூச்சு விடுகிறார்கள். "உயிரோட இருக்கா! நார்மன், அவ மூச்சு விடறா!" என்று கத்தினேன்.

நார்மன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். கிளெனிஸ் ஐந்தடிகூட இருக்க மாட்டாள். ஆவி ஜன்னலின் மேல்சட்டத்தை ஒட்டிப் படிந்துகொண்டிருந்தது.