நாலாவது தட்டு

கயிறு ஒரு தரம் இழுபட்டது.

ஒரு முனை ஜீவராணியின் இடுப்பில் கட்டியிருந்தது. மறுமுனை றம்ஸானின் காலடியில் சுருண்டு கிடந்தது. நடுவில் கொஞ்சம் மட்டும் படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் சரிந்திருந்தது. அந்த இடம்தான் இழுபட்டது. படகில் யாரும் தொடவில்லை.

"மீன் ஏதாவதா இருக்கும்," என்றான் றம்ஸான். "பயமா இருந்தா வேணாம் தங்கச்சி."

"பயமா? யாருக்கு?"

"இவளுக்கு வாய் மட்டும் பயப்படாது," என்றாள் பிரியந்தி. "லயத்துப் புள்ள லயத்துக்குள்ளயே தொலைஞ்சு போனா கேவலம்டி. பாத்துக்க."

முனீரா சிரித்தாள். றம்ஸான் அவளுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன்; திருகோணமலையில் ஹோட்டல் ஒன்றில் ஆட்களுக்குக் கடலுக்குள் இறங்கப் பழக்குபவன். பல்கலைக்கழகத் தோழிகள் மூவரும் நாலு நாள் அங்கே கிடந்தார்கள், அவனிடம் கடலுக்குள் இறங்கவும் பழகினார்கள். பொரித்த இறால், உப்புக் காற்று, கண்ணாடிபோலத் தண்ணீர், அதற்குள் நீலமும் மஞ்சளுமாய் மீன்கள். ஜீவராணி வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் செய்யாமல் மல்லாந்து கிடந்தாள். ஐந்தாம் நாள் முக்குளிக்கும் சாமான்களோடு மலைக்கு ஏறி வந்தார்கள். றம்ஸானின் மாமா இந்த நீர்த்தேக்கக் கரையில் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். இங்கேயும் ஆட்களை இறக்கலாமா என்று பார்க்க வேண்டும். யார் முதலில் என்றபோது ஜீவராணிதான் கை தூக்கினாள். அம்மா பிறந்த லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது.

காலையில் அம்மாவுக்குப் போனில் சொன்னாள்.

"அங்க எதுக்கு புள்ள? அணை கட்டுறப்ப எங்கள லொறில ஏத்துனாங்கள்ல, கணக்கப்புள்ள தலைய எண்ணுனாரு. ஒரு பொம்பள ஆளு குறைஞ்சுச்சு. எத்தன தரம் எண்ணியும் குறைஞ்சுச்சு. யாருன்னே தெரியல. லொறி கெளம்பிருச்சு."

"தேடலையா?"

"யாரு தேடுவா?"

இப்படி அடங்கிப் போவதுதான் ஜீவராணிக்கு எரிச்சல். தோட்டத்தில் துரை கேட்டாலும் கங்காணி கேட்டாலும், நல்லா இருக்கியா என்றால் அம்மாவுக்கு ஒரே வார்த்தை: நல்லா இருக்கேங்க. நூற்று மூன்று காய்ச்சலிலும் அதே. அட்டை கடித்து ரத்தம் ஒழுகும் காலோடும் அதே. பட்டம் வாங்கிய அன்றே ஜீவராணி முடிவெடுத்தாள், அது தன் வாயிலிருந்து வராது.

"இன்னொரு தரம் சொல்றேன்," என்றான் றம்ஸான். "நான் ஒரு தரம் இழுத்தா, நல்லா இருக்கீங்களான்னு கேக்கிறேன். நீங்களும் ஒரு தரம் இழுத்தா, நல்லா இருக்கேன். மூணு தரம் இழுத்தா தூக்கிருவேன். என்ன பிரச்சினையா இருந்தாலும் மூணு. வெக்கப்படாதீங்க."

மோட்டரைக் கிளப்புமுன் அவன் மோதிரம் போட்ட விரலால் படகின் விளிம்பில் ஆளுக்கொரு தட்டுத் தட்டுவான். யாரையும் கடலில் விட்டுவிட்டு வரக்கூடாதென்று பழகிய பழக்கம். கரையிலிருந்து புறப்பட்டபோதும் தட்டினான். நாலு பேர், நாலு தட்டு.

மணி மூன்றுதான். ஆனால் எதிர்மலையின் தேயிலையை மூடிக்கொண்டு பனிமூட்டம் இறங்கியிருந்தது. முதுகில் காற்றுச் சிலிண்டரோடு ஜீவராணி பின்பக்கமாகச் சரிந்து விழுந்தாள்.

கடல்போல இல்லை. பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் கலங்கிக் கிடந்த தண்ணீர் முதுகெலும்புக்குள் ஊசியாய் இறங்கியது. நீட்டிய கையின் விரல்கள் தெரியவில்லை. தன் மூச்சு உள்ளே இழுபடுவதும் குமிழிகளாய் வெளியேறிக் காதை உரசிப் போவதும் தவிர வேறு சத்தமில்லை. அவள் இறங்கிக்கொண்டே இருந்தாள், கால் தகரத்தில் முட்டும்வரை.

கூரை. தகரத்தைக் கழற்றிக்கொண்டுபோகக்கூட விடவில்லையாம். தோட்டத்துச் சொத்தாம்.

விளிம்பைப் பிடித்து இறங்கிக் கதவுகளைத் தடவி எண்ணினாள். ஐந்தாவது காம்பரா, ஒற்றை அறை, அம்மாவுடையது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் தெளிந்திருந்தது; டோர்ச் வெளிச்சத்தில் அடுப்பு தெரிந்தது, சுவரில் ஓர் ஆணி தெரிந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. இதற்குள் ஏழு பேர் படுத்திருக்கிறார்கள். உள்ளே போனாள்.

கால்பட்டு, அத்தனை வருடத்துச் சேறு ஒரே மூச்சில் எழும்பியது.

இருட்டு. டோர்ச் வெளிச்சம் முகத்துக்கு முன்னால் ஒரு சிவப்புத் தழும்பாய் மட்டும் நின்றது. கதவு எந்தப் பக்கம்? கையை நீட்டினாள், சுவர். திரும்பினாள், சுவர். தலைக்கு மேலே தகரம்.

கயிறு ஒரு தரம் இழுபட்டது.

நல்லா இருக்கியா?

மூன்று தரம் இழுக்க வேண்டும். தெரியும். பிரியந்தியின் சிரிப்பும் தெரிந்தது. லயத்துப் புள்ள லயத்துக்குள்ளயே.

ஒரு தரம் இழுத்தாள்.

அதன்பிறகுதான் உறைத்தது. அந்த இழுப்பு மேலேயிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து. ஒரு கை தூரத்திலிருந்து.

அசையாமல் நின்றாள். மறுபடியும் ஒரு தரம். மெதுவாக. பழகிய ஆள் கேட்பதுபோல.

மூன்று தரம் இழுத்தாள். வெறிகொண்டு இன்னும் மூன்று. கயிறு விறைத்தது. தூக்குகிறான், றம்ஸான் தூக்குகிறான்.

இடுப்பில் முடிச்சு அவிழ்ந்தது.

அறுந்து போகவில்லை. அவிழ்ந்தது. விரல்கள் அவிழ்த்தன. அவளுடையவை அல்ல. கொழுந்துக்காரிகள் மழைக்குப் போர்த்தும் கம்பளி ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு போனது. சின்னக் காம்பராவில் ஒருத்தி இன்னொருத்தியை ஒதுங்கிக் கடப்பதுபோல, அவசரமில்லாமல்.

கதவு சாத்திக்கொண்டது.

ஜீவராணி சத்தம் போனபக்கம் பாய்ந்தாள். பலகை கிடைத்தது. தள்ளினாள். முட்டினாள். தோளால், தலையால். பலகை அசையவில்லை.

மேலே படகு ஆடும் சத்தம். யாரோ தண்ணீரிலிருந்து ஏறி ஏணியில் கால் வைக்கும் சத்தம். கலங்கலாய் ஒரு கூச்சல், சிரிப்பு. பிரியந்திதான்.

*நான் இங்க இருக்கேன். நான் இங்க.*

தண்ணீர் வழியே அது துல்லியமாக வந்தது. மோதிரம் விளிம்பில் படும் சத்தம்.

டொக்.

டொக்.

டொக்.

வேண்டாம். அதோடு நிறுத்து. மூன்று பேர்தான். எண்ணிப் பார் நானா, மூன்று பேர்தான்.

டொக்.

மோட்டர் கிளம்பியது. தகரம் அதிர்ந்தது. சத்தம் தேய்ந்தது. தேய்ந்து இல்லாமல் போனது.

சேறு அடங்க வெகுநேரம் பிடித்தது. டோர்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது மணிக்கட்டில் தொங்கிய காற்று மானி. ஊசி பூச்சியத்தில் இருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை. குமிழிகள் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. ஜீவராணி மட்டும் இருந்தாள்.

இடுப்பில் ஏதோ இறுகியது. தடவிப் பார்த்தாள். றம்ஸானின் நைலோன் கயிறு இல்லை. நார் நாராய், ஊறி உப்பிய பழைய கயிறு. தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் கயிறு. இறுக்கிக் கட்டியிருந்தது. மறுமுனை அடுப்படிச் சுவருக்குள் போனது.

அது ஒரு தரம் இழுபட்டது.

அவள் நினைப்பதற்கு முன்னால் அவள் கை போனது. ஒரு தரம் இழுத்தது.