மாந்தோப்பில் விட்டுப்போன பத்தடி

கோட்டில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புக்குள் கிழக்கிலிருந்து ஒரு வண்டிப்பாதை வந்து நின்றது. மேற்கிலிருந்து, ஒரு பாழுங்கிணற்றைத் தாண்டி, இன்னொரு பாதை வந்து நின்றது. நடுவில் பத்தடி இருந்தால் அதிகம். கணினித் திரையில் அதைப் பார்த்ததும் லிங்கேஸ்வரனுக்கு வழக்கமான எரிச்சல் வந்தது. எவனோ அரைகுறை பாதி வேலையில் எழுந்து காபி குடிக்கப் போயிருக்கிறான் என்று நினைத்தான்.

அந்த மேப் யாருடைய சொத்தும் இல்லை. யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம், கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதுதான் அதன் பெருமை என்று எல்லோரும் சொன்னார்கள். அதுதான் அதைப் பிடித்த பீடை என்பது லிங்கேஸ்வரனின் கட்சி. யார் வேண்டுமானாலும் என்று கதவைத் திறந்து வைத்தால் யாரெல்லாம் வருவார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவன் தன் மாமனார் வீட்டைச் சுற்றுலாத் தலம் என்று குறித்திருந்தான். இன்னொருவன் ஒரே பால்கோவாக் கடையை மூன்று தெருக்களில் நட்டிருந்தான். புதுப்பட்டிப் பக்கம் ஒரு மேதாவி கண்மாய்க்குக் கடலின் நீல நிறத்தைக் கொடுத்திருந்தான். பகலெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் வீட்டு பிளான் வரைந்துவிட்டு, சாயங்காலம் ராஜபாளையத்து வீட்டில் உட்கார்ந்து இந்தக் குப்பையை எல்லாம் கூட்டி அள்ளுவது லிங்கேஸ்வரன் ஒருவன்தான். அப்படித்தான் அவன் நம்பினான்.

சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். இடைவெளி இருந்த இடத்தில் மாமரத் தழை மூடியிருந்தது. தழைக்குக் கீழே பாதை இல்லாமல் எங்கே போகும்? இரண்டு முனையையும் இழுத்துச் சேர்த்தான். இதுமாதிரி ஆயிரக்கணக்கில் சேர்த்தவன் அவன். ஒவ்வொன்றுக்கும் எழுதுகிற அதே குறிப்பை எழுதினான். "இடைவெளி சரிசெய்யப்பட்டது."

அவனுடைய மனைவி பானுப்பிரியா கிராம சுகாதார செவிலியர். தேவதானத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு ஸ்கூட்டியில் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வருவாள். அவள் போனில் இந்த மேப் ஒன்றுதான் இருந்தது, அவன்தான் போட்டுக் கொடுத்தான். அவள் எங்கே போகிறாள் என்று காட்டும் நீலப்புள்ளி எப்போதும் அவன் போனில் தெரிய வேண்டும் என்பதும் அவன் ஏற்பாடு. வழியில் நிற்கிறவர்களிடம் வழி கேட்கக் கூடாது. ஒருமுறை கேட்டுவிட்டு வந்து வெள்ளந்தியாகச் சொன்னவளை, புருஷன் ஊருக்கே மேப் போடுகிறான், பெண்டாட்டி ஆடு மேய்க்கிறவனிடம் வழி கேட்கிறாள் என்று பல நாள் குத்திக் காட்டினான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கேட்டதில்லை.

மறுநாள் சாயங்காலம் பார்த்தபோது இடைவெளி மறுபடி திறந்து கிடந்தது. ஞானதுரை என்று ஒரு புதுப்பெயர். "சேக்க கூடாது" என்று மட்டும் எழுதியிருந்தது. ஒற்றெழுத்து போடத் தெரியாதவனெல்லாம் பாதை போட வந்துவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே லிங்கேஸ்வரன் மறுபடி சேர்த்தான். சற்று நேரத்தில் போன் அடித்தது. தன்னுடைய நம்பரைப் பெருமையாக, மேப்பில் தன் பெயருக்கான பக்கத்தில் போட்டு வைத்திருந்தது அவன்தானே.

"லிங்கேஸ்வரனா? நான் தேவதானத்துல இருந்து ஞானதுரை பேசுதேன். மிலிட்டரில இருந்து வந்தவன். அந்தத் தோப்புல கோட்ட சேக்காத தம்பி."

"சாட்டிலைட்ல பாதை தெரியுது அண்ணாச்சி. நீங்க கண்ண மூடிக்கிட்டா பாதை போயிருமா?"

"அங்க பாதை கெடையாது. வருசா வருசம் முள்ளு வெட்டிப் போட்டு அடைக்கோம். எங்க ஊர்ல ஒரு பய அந்தப் பத்தடிய மிதிக்க மாட்டான். ஆட்டக் கூட விட மாட்டோம்."

"எதுக்கு?"

"கெணத்துப் பக்கம் உள்ளது, வழி இருந்தாத்தான் வரும்" என்றார் ஞானதுரை. சொல்லவே கூச்சப்பட்ட குரல்.

லிங்கேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தான். "துப்பாக்கி பிடிச்ச ஆளு, பேய்க்குப் பயந்து முள்ளு வெட்டிப் போடுதீய."

"ஏலே, வீட்ல உக்காந்து கோடு கிழிக்கிற பயலுக்கு இம்புட்டு வாயா? நீ வந்து பாத்தியா? நேத்து வர கெடந்த முள்ளு இன்னைக்குக் காணும்ல. எவன் எடுத்தான்னு தெரியல. இழுத்த தடம் கூட இல்ல."

லிங்கேஸ்வரன் போனை வைத்தான். பிறகு, மேப்பை மேற்பார்வை பார்க்கும் மூத்த தன்னார்வலர்களுக்கு, இந்த ஆள் இருக்கிற சாலையை அழித்து நாசவேலை செய்கிறான் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினான். ஞானதுரை இனி ஒரு மாதத்துக்கு எதையும் திருத்த முடியாதபடி அவர்கள் தடுத்து வைத்தார்கள். அன்று அவனுக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அந்த வாரமே ஒருநாள் பானுப்பிரியா சீக்கிரம் வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. பாசி பிடித்து, இலை அழுகி, வெகுகாலம் யாரும் இறைக்காத தண்ணீரின் வாடை.

"தோப்பு வழியாத்தாங்க வந்தேன். மேப்பு அப்படித்தான் காட்டுச்சு" என்றாள்.

"முள்ளு கெடந்துச்சா?"

"ஒண்ணுமில்ல. பெருக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா தரையெல்லாம் ஒரே ஈரம். மழையே இல்ல பாருங்க." செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். "பின்னாலேயே யாரோ நடந்து வந்த மாதிரி இருந்துச்சு. நான் வண்டில வாரேன், நடந்து வாரவுக எப்படிக் கூடவே வர முடியும்?"

"கொரங்கா இருக்கும். செவிலியர் வேலைக்குப் படிச்சவ, பேச்சப் பாரு" என்று சொல்லிவிட்டு அவன் திரைக்குத் திரும்பினான். பாதை இருக்கிறது என்று மனைவி வாயாலேயே வந்துவிட்டது. அதுதான் அவனுக்கு வேண்டியது.

இரண்டாவது சாட்சியும் கிடைத்தது. போனில் ஜிபிஎஸ் போட்டுக்கொண்டு நடந்தால் போன வழி புள்ளி புள்ளியாகப் பதிவாகும். அந்தத் தடத்தை மேப்பில் ஏற்றினால் வரைகிறவர்களுக்கு உதவி. மாந்தோப்பில் யாரோ அப்படி ஒரு தடத்தை ஏற்றியிருந்தார்கள். கிணற்றடியில் தொடங்கி, அவன் சேர்த்த பத்தடியைக் கடந்து, தோப்பு முடிகிற இடத்தில் நின்றது. அந்தப் பட்டாளத்தானின் முகத்தில் இதை விட்டெறிய வேண்டும் என்று சந்தோஷமாகப் பெரிதாக்கிப் பார்த்தவன், ஏற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைக் கண்டான். இன்னொன்றையும் கண்டான். ஜிபிஎஸ் தடம் குடிகாரன் நடைமாதிரி இரு பக்கமும் ஆடும், எப்பேர்ப்பட்ட போனாக இருந்தாலும் ஆடும். இது ஆடவில்லை. அவன் வரைந்த கோட்டின் மேல், மயிரிழை விலகாமல், ஒவ்வொரு புள்ளியும் உட்கார்ந்திருந்தது.

எவனோ விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் தடம் தேவதானத்துத் தெருவரை நீண்டிருந்தது. அங்கே ஒரு வளைவில் லிங்கேஸ்வரன் முன்பு அவசரத்தில் கோட்டைத் தப்பாகப் போட்டிருந்தான். சாலை ஒரு மாட்டுத் தொழுவத்தின் நடுவே போவதுபோல் வரைந்துவிட்டுத் திருத்த மறந்திருந்தான். தடம் சாலையில் வளையவில்லை. தொழுவத்தின் நடுவே போயிருந்தது. ஊரில் மற்றவன் தப்பையெல்லாம் தேடித் திரிந்தவன், தன் தப்பை இப்படிப் பார்க்க நேர்ந்ததும் அவசரமாகத் திரையை அணைத்தான்.

அன்று பானுப்பிரியா சாப்பிடும்போது தானாகவே சொன்னாள். "தேவதானத்துல வெள்ளைத்தாயின்னு எங்கிட்ட வார பிள்ள, அவ வீட்டுத் தொழுவத்துல ரெண்டு மாடும் செத்துக் கெடக்காம். சொவரு பூரா பாசியாம். ஒரே ராத்திரில எப்படிங்க பாசி பிடிக்கும்?"

அவன் பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினான்.

கோட்டை வெட்டிவிடலாம். ஒரு சொடுக்குதான். ஆனால் வெட்டினால் யார் ஜெயித்ததாகும்? ஒற்றெழுத்து தெரியாத ஞானதுரை. மூத்த தன்னார்வலர்கள் கேட்பார்கள், லிங்கேஸ்வரன், இருக்கிற சாலையை ஏன் அழித்தாய் என்று. கிணற்றிலிருந்து ஒன்று நடந்து வருகிறது என்று ஆங்கிலத்தில் எழுதுவதா? நினைக்கவே அவமானமாக இருந்தது. பயத்தை விட அந்த அவமானம் பெரிதாக இருந்தது. விட்டுவிட்டான். அடுத்த நாள் தடம் சேத்தூரைத் தாண்டியது. அதற்கடுத்த நாள் தென்காசி ரோட்டில் ராஜபாளையத்துக்குள் நுழைந்தது.

அன்றுதான் தன் வீட்டை நினைத்துப் பார்த்தான். மாமனார் வீட்டைக் குறித்தவனைக் கேலி செய்த லிங்கேஸ்வரன், தன் வீட்டை மட்டும் ஆசை ஆசையாக வரைந்திருந்தான். நான்கு சுவர், கேட், கேட்டிலிருந்து வாசற்படி வரை ஒரு நடைபாதை, படியில் "நுழைவு" என்று ஒரு புள்ளி. தெருக்கோட்டோடு எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்திருந்தது. எங்கும் ஒரு இடைவெளி இல்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். பானுப்பிரியா இன்னும் வரவில்லை. பக்கத்து ராஜு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ தெலுங்கில் குழந்தையை அதட்டினார்கள், தெருமுனையில் மாவு மில்லின் இரைச்சல் கேட்டது, எதிர்வீட்டுத் தாளிப்பு வாசனை ஜன்னல் வழியாக வந்தது. ராஜு வீட்டு வெள்ளை நாய் இந்நேரத்துக்குத் தெருவில் போகிற ஒருவரையும் விடாமல் குரைக்கும். இன்று குரைக்கவில்லை. எட்டிப் பார்த்தான். காருக்கு அடியில் போய்ச் சுருண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை.

தாளிப்பு வாசனை போய்விட்டது. பாசி வாடை வந்தது.

திரையைப் பார்த்தான். தடம் அவன் தெருமுனையில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புள்ளி கூடியது. மாவு மில் நின்றது. இன்னொரு புள்ளி. டிவி நின்றது.

அவமானம் எங்கேயோ போய்விட்டது. இப்போது வெறும் பயம்தான். மேப்பை மாந்தோப்புக்கு நகர்த்தினான். அந்தப் பத்தடியைப் பிடித்தான். வெட்டினான். சேமித்தான். குறிப்பு எதுவும் எழுதவில்லை.

கோடு அறுந்தது.

மூச்சு விட்டான். அப்போதுதான் போன் அடித்தது.

"ஏங்க" என்றாள் பானுப்பிரியா. "பாதையக் காணுங்க."

அவன் நீலப்புள்ளியைத் தேடினான். தோப்புக்குள் இருந்தது. வெட்டிய இடத்துக்கு மேற்கே. கிணற்றுப் பக்கம்.

"இப்பந்தான் மேப்புல கோடு இருந்துச்சு, திடீர்னு அறுந்து போச்சு. முன்னால பூரா முள்ளு. வந்த பக்கம் பாத்தா அங்கயும் முள்ளு. வண்டியத் திருப்ப எடமில்ல. இருட்டுது."

"பானு, யார்கிட்டயாவது வழி கேளு." தன் வாயிலிருந்துதான் அது வந்தது. "போற வாரவுக யாராவது இருப்பாக. கேளு."

போனில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"கெணத்தச் சுத்தி நெறையப் பேரு நிக்காக" என்றாள் மெதுவாக. "எல்லாரும் என்னயவே பாக்காக. கேக்கட்டா?"

"கேக்காத."

"நீங்கதான கேக்கச் சொன்னீக."

"பானு, கேக்காத."

"அண்ணே" என்று அவள் யாரையோ கூப்பிட்டாள். போன் அடங்கியது. நீலப்புள்ளி அணைந்தது.

சேர்க்க வேண்டும். மறுபடி சேர்த்தால் அவள் வந்துவிடுவாள். மவுசைப் பிடித்தான். ஈரமாக இருந்தது. மாந்தோப்பு திரையில் நிற்கவில்லை. மேப் தானாக நகர்ந்தது. தேவதானம். சேத்தூர். தென்காசி ரோடு. அவன் தெரு. அவன் வீடு.

கேட் திறந்த சத்தம் இல்லை. கேட்டிலிருந்து படிவரை புள்ளிகள் இருந்தன. கடைசிப் புள்ளி "நுழைவு" மேல்.

அங்கே கோடு முடிகிறது. வீட்டுக்குள் அவன் எதையும் வரைந்ததில்லை. வழி இருந்தால்தானே வரும். கிணற்றுக்குத் திரும்பவும் வழி இல்லை. அதைத்தான் அவனே வெட்டிவிட்டான்.

அது படியில் நின்றது. அவனும் அசையவில்லை.

பிறகு படியிலிருந்து ஒரு புதுக்கோடு கிளம்பியது.

யாரும் வரையவில்லை. கோடு தானாக நீண்டது. ஹால். சாப்பாட்டு மேஜைக்கு ஒரு வளைவு. பூஜை அலமாரிக்கு ஒரு வளைவு. அளவு தப்பாத, சுத்தமான வேலை. அவனே போட்டிருந்தாலும் இவ்வளவு ஒழுங்காக வந்திருக்காது.

முதுகுக்குப் பின்னால் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. கிட்டத்தில்.

அவன் திரும்பவில்லை.

கோடு அறைக்குள் வந்தது. நாற்காலி போட்டிருந்த இடத்துக்கு வர இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பிடரியில் ஈரமான எதுவோ பட்டது. கோடு வந்து தொட்டது. புதிய திருத்தம் சேமிக்கப்பட்டது, அவன் பெயரிலேயே. அடியில் அவன் எப்போதும் எழுதுகிற அந்தக் குறிப்பு, ஓர் ஒற்றெழுத்தும் பிசகாமல்.

"இடைவெளி சரிசெய்யப்பட்டது."