மன்னரின் வாய்

பாதிரியார் பெர்னால் அந்தக் கல்வீட்டில் வந்து இறங்கி இரண்டு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தன. இன்கா மன்னர்களின் வரலாற்றை எழுத வந்தவருக்கு அவர்கள் மொழியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. அதற்கும் மொழிபெயர்ப்பாளன் சல்க்கோதான் வேண்டும்.

சல்க்கோ பொறுத்துக்கொண்டான். செத்துப்போன மன்னருக்குக் கடைசிவரை விசுவாசமாக இருந்தவர் தன் தாத்தா என்று இந்த ஆள் எழுதிவிட்டால் போதும். அந்த எழுத்தைக் காட்டியே மலைச்சரிவுச் சோளக்காடு குடும்பத்துக்கு நிலைக்கும்.

"உங்க ராஜா எப்படிடா செத்தான்?"

"காய்ச்சல்ல, சாமி."

மன்னர் முற்றத்தில்தான் இருந்தார். கறுத்து, உலர்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்த உடலைப் பாதிரியாரின் ஆட்கள் இழுத்து வந்திருந்தார்கள். நாளை எரிப்பார்கள்.

ஆனாலும் அவரைப் பராமரிக்கும் தோக்தோ வழக்கம்போல இரண்டு கோப்பையில் சோளக் கள் ஊற்றினாள். ஒன்று தனக்கு. இன்னொன்று மன்னருக்கு. அதை அவருக்காக யார் குடிக்கிறாரோ அவர்தான் மன்னரின் வாய். மன்னர் சொல்ல நினைப்பதை அந்த வாய் பேசும்.

பாதிரியார் மன்னரின் கோப்பையை எடுத்தார். "பொணத்துக்கு எதுக்குடி கள்ளு?"

தோக்தோ சல்க்கோவின் கையைப் பற்றினாள். "வேணாம்னு சொல்லு தம்பி. சீக்கிரம் சொல்லு."

"குடிக்கட்டும் விடுக்கா. கழுதை வாயில ராஜா வந்து பேசப்போறாராக்கும்."

பாதிரியார் ஒரே மூச்சில் குடித்து ஏப்பம் விட்டார். எழுத உட்கார்ந்தார்.

மலையின் நிழல் முற்றத்தில் இறங்கியது. பழந்துணியும் மலைக்காரர்கள் மெல்லும் கோக்கா இலையும் கலந்த வாசம். இதுவரை அது உலர்ந்த உடலிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இப்போது பாதிரியாரிடமிருந்து வந்தது.

அவர் முழங்காலை மார்போடு மடக்கியிருந்தார்.

உதடுகள் பிரிந்தன. வறண்ட, தாழ்ந்த குரல். பழைய அரண்மனை மொழி. ஒரு பிசிறில்லை.

பேனா பிடித்த கை மட்டும் பாதிரியாருடையதாகவே இருந்தது. வாய் சொல்லச் சொல்ல, அது ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டே போனது.

தோக்தோ நெற்றி தரையில் பட விழுந்தாள்.

"சாமி, எழுதாதீங்க," என்றான் சல்க்கோ.

பாதிரியாரின் தலை மெல்லத் திரும்பியது. இமைக்காத கண்கள் அவனை மேலும் கீழும் பார்த்தன, காலில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல.

"காய்ச்சலாடா நாயே? எனக்கு விஷம் வச்சது உன் தாத்தன்."