வெளுத்த தண்ணீர்

அன்றைக்கும் தண்ணீர் வெளுத்துத்தான் இருந்தது.

பொன்னுத்தாய் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை விடியல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்தின சாயங்காலம் அவளேதான் பேதிக் கிருமியைக் கொல்லும் ஊதா மருந்தைக் கரைத்து, காட்டாற்று மணலில் தோண்டிய ஊற்றுக்கிணற்றில் ஊற்றி, பலகை மூடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். கத்தரிப்பூ நிறத்தில் தளும்பிய தண்ணீர், யாரோ இராவெல்லாம் சாயத்தை மட்டும் உறிஞ்சிக் குடித்ததுபோல் வெளிறிக் கிடந்தது.

இலுப்பூரிலிருந்து சைக்கிளில் வரும் சுகாதார இன்ஸ்பெக்டர் சவரியப்பன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "சாயம் விடியிற மட்டும் நின்னா தண்ணி சுத்தம். வெளுத்தா உள்ள என்னமோ அழுகுதுன்னு அர்த்தம். நிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு எடுக்கப்படாது தாயி."

கொழுந்தன் கருப்பன் உள்ளே இறங்கித் துழாவினான். "மணலு, ஒரு தவளை, அம்புட்டுத்தான். தவளைக்கு இம்புட்டுத் தாகமா மதினி?" என்று சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. பேதி கண்ட ஊர்க்காரரை அடுத்த ஊர்க் கிணற்றடியில் யாரும் அண்டவிடவில்லை. நேற்று மகள் சொர்ணவல்லிக்கும் கண்டுவிட்டது. வீட்டுப் பானையில் அடித்தண்ணீர்தான் மிச்சம்.

"கொதிக்கவச்சு ஆத்தி, ஓயாமக் குடு. தண்ணி வத்தித்தான் சாகுதுக" என்றார் பிள்ளையைப் பார்க்க வந்த சவரியப்பன்.

"தண்ணி குடுத்தா பேதி கூடும்னு..."

"எந்த மடையன் சொன்னான்?"

ஊரே சொன்னது. ஊர் சொன்னதைக் கேட்டுத்தான், பேதி கண்ட கருப்பன் பெண்டாட்டி அழகியை மாட்டுக்கொட்டகையில் தள்ளி, பொன்னுத்தாய் வெளித்தாழ்ப்பாள் போட்டாள். பலகை இடுக்கு வழியே கொட்டாங்கச்சி ஏந்திய கை இராமுழுக்க நீண்டே இருந்தது. "அக்கா, ஒரு வாய்." விடிந்தபோது தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. உள்ளே ஆள் இல்லை. கீரமங்கலத்துக்கு, ஆத்தா வீட்டுக்குப் போயிருப்பாள் என்றான் கருப்பன். தேடிப் போகவில்லை. பூட்டிய கொட்டகையிலிருந்து எப்படிப் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் பொன்னுத்தாய்தான். அதற்கப்புறம்தான் ஊற்றுத் தண்ணீர் வெளுக்கத் தொடங்கியது.

சவரியப்பன் போனபின், அன்று சாயங்காலம் ஊற்றில் இரண்டு பங்கு மருந்தைக் கொட்டிப் பூட்டினாள். விரல்களில் மருந்துக்கறை காய்ந்து பழுப்பேறியிருந்தது. ஈரமணலும் துருவும் கலந்த வாடை. எழுந்திருக்கப் போனவள் அப்படியே குந்தியிருந்தாள். மூடிக்கு அடியில், வெகு ஆழத்தில், பொறுமையாக, தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம்.

மடக். மடக்.

தவளை என்று சொல்லிக்கொண்டு ஓடி வந்தாள்.

விடியுமுன்பே, உதடு வெடித்துக் கிடந்த மகளைத் தனியே விட்டுவிட்டு, குடத்தோடு ஆற்றுக்குப் போனாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கிழக்கு வெளுக்கும்போது மொண்டு கிண்ணத்தில் ஊற்றினாள்.

கத்தரிப்பூ நிறம்.

சாயம் நின்றிருந்தது. அழுதுகொண்டே கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் பிள்ளை பிழைத்தது. குடம் நிறைய மொண்டு இடுப்பில் ஏற்றி, மணலில் எட்டி எட்டி நடந்தாள். வெளுக்கவில்லை. இப்போது உள்ளே எதுவும் அழுகவில்லை. உள்ளே எதுவும் இல்லை.

கால் நின்றது.

உள்ளே இல்லை.

வரும்போது இருட்டில் தெரியாதது இப்போது தெரிந்தது. மணலில் ஈரக் காலடி. ஊற்றிலிருந்து ஊருக்கு. திரும்பி வந்த தடம் இல்லை.

குடம் நழுவியது. ஓடினாள். சாத்திவிட்டு வந்த கதவு திறந்திருந்தது. நிலைப்படியில் பழுப்புக் கைத்தடம். ஈரம்.

"சொர்ணம்!"

"அம்மா." பிள்ளையின் குரல் தெளிவாக இருந்தது. குளிர்ச்சியாகவும் இருந்தது. "சித்தி தண்ணி குடுத்துச்சும்மா. நீ தரமாட்டேன்னு சொல்லுச்சு."

இருட்டு மூலையில் பிள்ளை யார் மடியிலோ சாய்ந்திருந்தது. வயிறு பானையாய்ப் புடைத்திருந்தது. தலைக்கு மேலிருந்து, முழங்கை வரை பழுப்பேறிய கை ஒன்று, கொட்டாங்கச்சியை அதன் வாயில் சாய்த்துப் பிடித்திருந்தது.

கொட்டாங்கச்சி வற்றவில்லை.

மடக். மடக். மடக்.