நான்காவது தட்டல்

மூன்று முறைதான் தட்ட வேண்டும். நான்காவதாக ஒன்று கேட்டது.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிற்பகல் மூன்று மணி. வெளியிலிருந்து சத்தம் வராமலிருக்க ஜன்னல்களில் தடித்த கம்பளிகள் தொங்கின, மின்விசிறியும் ஓடவில்லை, வியர்வையும் பழைய கம்பளியும் சூடேறிய இயந்திரமும் கலந்த வாடை வெளியேற வழியில்லாமல் அவர் மூக்கடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சத்தத்தை விற்றுப் பிழைக்கிறவனுக்குச் சத்தமே ஆகாது என்று அக்கா முன்பெல்லாம் கேலி செய்வாள். அவர் அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டார்.

காலப் பயணிகளைப் பற்றிய ஒலி நாடகம் அது. வாராவாரம் ஒரு பகுதி வரும். இன்று கடைசிப் பகுதியை முடித்துக் கொடுக்க வேண்டும். அதில் கடந்த காலத்தில் மாட்டிக்கொண்ட பயணிகள், பேச முடியாமல், இருக்கும் இடத்திலிருந்து மூன்று முறை தட்டுவார்கள். டொக். டொக். டொக். 'இங்கேதான் இருக்கிறோம், வாருங்கள்' என்று அர்த்தம். நாடகத்தைவிட அந்தத் தட்டலுக்குத்தான் பேர். உடம்பு சிலிர்த்துப் போனதாகக் கேட்டவர்கள் எழுதினார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று இயக்குநர் கேட்டதற்கு, "மரப்பெட்டி மேல ஸ்பூனால தட்டினேன்" என்று சொல்லி வைத்தார்.

மரப்பெட்டியாவது மண்ணாங்கட்டியாவது.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் போன பிறகு, பக்கத்து அறையில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அவளுடைய இடது கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்தது அவர்தான். "ஏதாவது வேணும்னா சுவத்துல மூணு தட்டு தட்டுக்கா. ஓடி வந்துடறேன்."

எட்டு மாதங்களுக்கு முன்னால், இதே மாதிரி ஒரு பிற்பகலில், இதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். வெறும் அறையின் மௌனம். வசனங்களுக்கு நடுவே அதை நிரப்பாவிட்டால் நாடகம் பொத்தல் விழுந்த துணி மாதிரி ஆகிவிடும். அந்த நிமிடத்தில் அக்கா தட்டினாள். அவருக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சுவரைப் பார்த்து, "ஒரு நிமிஷம்க்கா" என்றார். எடுத்து மாட்டிக்கொண்டு முதலிலிருந்து பதிவு செய்தார். மறுபடி தட்டினாள். 'ச்சே' என்று அலுத்துக்கொண்டு மூன்றாவது தடவை தொடங்கினார். அந்தத் தடவை தட்டல் இல்லை. மௌனம் சுத்தமாக வந்திருந்தது, அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஊரிலிருந்து அலறியடித்து வந்த அக்கா மகள் கேட்டாள். "மாமா, கடைசியா அம்மா கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அத்தோடாவது விட்டிருக்கலாம். நாடகத்துக்குத் தட்டும் சத்தம் தேவைப்பட்டபோது, எந்தப் பெட்டியைத் தட்டியும் உயிர் வராமல், அந்தப் பழைய பதிவைத் திறந்து மூன்று தட்டல்களையும் வெட்டி எடுத்து ஒட்டினார். கை கூசியது. பாராட்டு வந்தபோது கூச்சம் போய்விடும் என்று நினைத்தார். போகவில்லை, ஒவ்வொரு பாராட்டுக்கும் உள்ளுக்குள் இன்னும் கொஞ்சம் குறுகிப்போனார்.

இப்போது திரும்ப ஓடவிட்டதில் ஐந்து தட்டல் கேட்டது. திரையில் மூன்றுக்கான கோடுகள்தான் இருந்தன.

போன் அதிர்ந்தது. அக்கா மகள்.

"மாமா, இன்னிக்கு முடிஞ்சிடுமா? அந்தத் தட்டுற சத்தம் வரும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம் வந்துடுது. ஏன்னே தெரியல."

சொல்லிவிடு என்றது மனசு. இப்போதாவது சொல்லித் தொலை.

"உங்கம்மா அன்னிக்கு..."

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. வேலை தலைக்கு மேல கிடக்கு. வச்சிடறேன்."

வைத்துவிட்டார். காது மடல்கள் சுட்டன. தன் முகத்தைத் தானே பார்க்க வெட்கப்பட்டு, இருண்டிருந்த போன் திரையைக் கவிழ்த்து வைத்தார். வேலையைத் தொடர்ந்தார். ஹெட்போனில், பயணிகளைத் தேடிப் போகும் காலக் கப்பலின் தலைவன் பேசும் வசனம் ஓடியது: "பழைய நேரத்துக்குப் போய் வேடிக்கை பார்த்துட்டு வர முடியாது. அங்க இருக்கிற யாரோ ஒருத்தர் உடம்புலதான் இறங்கணும். யாருன்னு நம்ம கையில இல்ல."

பிறகு தட்டல். டொக். டொக். டொக்.

அவர் ஓட்டத்தை நிறுத்தினார். தட்டல் நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினார்.

டொக். டொக். டொக்.

சுவரிலிருந்து.

வாசல் பக்கம் ஓடிவிடலாம். ஆனால் பயத்தையும் மீறி எட்டு மாத அவமானம் அவரை எழுப்பி நிறுத்தியது. அன்றைக்குப் போகவில்லை. இன்றைக்காவது போக வேண்டும்.

"இதோ வந்துட்டேன்க்கா!"

ஓடினார். பூட்டிக் கிடந்த அக்கா அறைக் கதவு, தொட்டதும் திறந்தது. மருந்து வாடை, இன்று காலை ஊற்றியது போல. கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பு கசங்கியிருந்தது. நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஸ்பூன்.

எடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா, மன்னிச்சு..."

வாய் கோணிக்கொண்டது. வலது கால் இல்லாதது போல மடங்கியது. கட்டிலில் மல்லாந்து விழுந்தார். பள்ளம் அவருக்கு அளவாக இருந்தது. நெஞ்சுக்குள் காற்று இறங்கவில்லை. கத்தினார். சத்தம் வரவில்லை. இடது கை மட்டும் இருந்தது. கையில் ஸ்பூன். கைக்கெட்டிய தூரத்தில் சுவர்.

தட்டினார்.

டொக். டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. ஹெட்போனை மேசைமேல் வைக்கும் சத்தம். கேட்டுவிட்டது. யாரோ கேட்டுவிட்டார்கள். வந்துவிடுவார்கள்.

"ஒரு நிமிஷம்க்கா."

அவருடைய குரல்.

ஹெட்போனை எடுத்து மாட்டும் சத்தம் மெல்லக் கேட்டது. கட்டிலில் கிடந்தவர் மறுபடி ஸ்பூனைத் தூக்கினார். இன்னும் ஒரு தடவை தட்டலாம். அதற்கடுத்த பதிவில் மௌனம் சுத்தமாக வந்திருந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது.