மனோரமாவுக்குப் பாதி

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து டச்சுக் கல்லறைக்குப் போகிற சந்தில் என் கடை. ஜெசிந்தா பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் எடுக்கப்படும். மூன்று பக்கச் சுவர் நான் எழுப்பியது. பின்சுவர் மட்டும் டச்சுக்காரன் காலத்தது, இரண்டு முழம் தடிமன். இடிக்கவும் முடியாது, காயவும் காயாது. கோடையிலும் உப்புப் பூத்து வேர்த்துக்கொண்டே இருக்கும். அதை ஒட்டி ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன்.

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "போய்ப் பொழப்பப் பாரு" என்று விரட்டுகிற ஆள் நான். கல்லறை வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூடுகள் முகத்தில் விழித்துத்தான் தினமும் கடை திறக்கிறேன். பதினாலு வருஷத்தில் ஒரு நாளும் பயந்ததில்லை.

இப்போது அந்தப் பெஞ்சில் நான் உட்காருவதில்லை.

மே மாதக் கடைசி. உச்சிவெயில் நேரம், தெருவில் ஒரு நாய்கூட இல்லை. காற்று சுத்தமாக நின்றுபோய், கருவாட்டு வாடை சந்துக்குள் அப்படியே தங்கியிருந்தது. கோட்டைக்குப்பம் தாமோதரன் மகள் ராஜாத்தி வந்து நின்றாள். பிளஸ் டூ முடித்தவள். அவள் குப்பத்தில் நர்சிங் படிக்கப்போகும் முதல் பெண்ணாக இவள்தான் இருப்பாள் என்று டீச்சர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கெமிஸ்ட்ரி மண்ணைப் போட்டுவிட்டது. எழுத்துத் தேர்வில் எழுபதுக்கு முப்பத்துமூன்று.

"விடைத்தாள் காப்பி வந்துகீதாம்க்கா. எடுத்துக் குடு. அறுபத்தாறுக்குக் கொறையாதுக்கா. ஒரு கேள்வி வுடல நானு."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பாவமாகிவிட்டது.

மறுமதிப்பீட்டுக்கு அன்று சாயங்காலம் ஐந்து மணி கடைசி. அதை விட்டால் நர்சிங் விண்ணப்பத்தில் முப்பத்துமூன்றைத்தான் போடவேண்டும், சீட்டை மறந்துவிட வேண்டும். பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு விடைத்தாளை இறக்கி, பிரிண்ட் கொடுத்தேன்.

முதல் கேள்விக்கு முத்து முத்தாகப் பதில். இரண்டாவது கேள்விக்கு எண் மட்டும் இருந்தது, அதற்குக் கீழே வெள்ளை. மூன்றாவதற்குப் பதில் இருந்தது. நான்காவது வெள்ளை. கடைசிவரை அப்படியேதான். ஒன்று விட்டு ஒன்று, பக்கத்தில் திருத்தினவர் போட்ட பெரிய முட்டை.

"இன்னாடி இது? ஒண்ணு வுட்டு ஒண்ணு எழுதிக்கீறே?"

"சத்தியமா எல்லாம் எழுதுனேன்க்கா!" அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். பார்த்தவள் கை நின்றது. "அக்கா… இந்தக் கோட்டப் பாரு."

வெள்ளையாக விட்ட ஒவ்வொரு இடத்தின் அடியிலும், அலை மாதிரி நெளிந்த இரட்டைக் கோடு.

அந்தக் கோடு எனக்குத் தெரியும். மனோரமா போடுகிற கோடு. ராஜாத்தியின் பக்கத்து வீட்டுப் பெண், ஒரே வகுப்பு. இரண்டு பேரும் பிராஜக்ட் அட்டை எடுக்க என் கடைக்குச் சேர்ந்துதான் வருவார்கள். எதை எழுதினாலும் அடியில் இரண்டு அலை போடாமல் அவள் பேனாவை மூடமாட்டாள். நானே கிண்டல் பண்ணியிருக்கிறேன். தை மாதத்தில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டாள். உடம்பு கிடைக்கவே இல்லை.

பரீட்சை நடந்தது மார்ச்சில்.

"பிரிண்டர்ல ஏதோ கோளாறு" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

அப்போது பிரிண்டர் தானாக ஓட ஆரம்பித்தது.

நான் ஒன்றையும் தொடவில்லை. ஒரு தாள் மெதுவாக வெளியே வந்தது. எடுத்தேன். நனைந்திருந்தது. கழிமுகச் சேறு நாறியது. அதில் இரண்டாவது கேள்விக்கும் நான்காவது கேள்விக்கும் பதில் இருந்தது, அத்தனையும் ராஜாத்தியின் முத்தெழுத்தில். மேலே இருந்த பதிவெண்ணில் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று குறைவு.

"அது அவ நம்பர்க்கா" என்றாள் ராஜாத்தி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே உட்கார்ந்தபடியே சொல்ல ஆரம்பித்தாள்.

அவர்கள் குப்பத்தில் ஏரியைப் பாடு முறையில் பிரித்துக்கொள்வார்கள். இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை போடலாம் என்று கோயில் வாசலில் பேர் வாசிப்பார்கள். பேர் வந்ததும் "உண்டு" என்று குரல் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் முறை போய்விடும். தண்ணீரில் போய் உடம்பு கிடைக்காதவர்கள் பேரையும் அடிக்கமாட்டார்கள், வாசிப்பார்கள். அந்த வீட்டு ஆள் யாராவது "உண்டு" சொல்லலாம். ஆனால் யார் சொன்னாரோ அவர் அன்று பிடித்ததில் பாதியைத் திரும்ப ஏரியில் கொட்டிவிட வேண்டும். அது போனவர் பங்கு. ராஜாத்தியின் சித்தப்பா அப்படிப் போனவர். அவருக்காக அவள் அப்பா "உண்டு" சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள் இவள்.

"ஸ்கூல்ல லிஸ்ட்டு முன்னமே அனுப்பிட்டாங்கக்கா. அவ பேரு அடிக்காம அப்படியே இருந்துச்சு. கெமிஸ்ட்ரி அன்னிக்கு வந்தவரு புது சாரு. பேர் வாசிச்சாரு. மனோரமான்னாரு. எனக்கு முன்னாடி சீட்டு, காலியா கெடந்துச்சு. என் வாயி… என்னை அறியாம உண்டுன்னு சொல்லிட்சுக்கா."

"அப்புறம்?"

"சாரு டிக் போட்டுட்டாரு. பொறவு காலி சீட்டப் பாத்துட்டு, இன்னாம்மா விளையாடறியான்னு திட்டி, அந்த டிக்க அடிச்சுட்டாரு. ஆனா நான் சொன்னது சொன்னதுதானே."

அன்றையிலிருந்து தட்டில் போட்ட சோற்றில் பாதி நீர்த்துக் கிடக்கிறதாம். பாயில் ஒரு பக்கம் நனைகிறதாம். எடுத்துச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லையாம். வீட்டில் சொல்லவில்லை. வீட்டு ஆள் அல்லாதவருக்கு "உண்டு" சொன்னது குற்றம், அப்பா உயிரை எடுத்துவிடுவார் என்று பயம்.

"இத எப்படிடி முறிக்கிறது?"

"அடுத்த பாடுல பேர் வாசிக்கசொல்லோ, உண்டு சொன்ன அதே ஆளு தன் வாயால 'இல்ல'ன்னு சொல்லிட்டா, போயிடும். ஆனா அவ பொம்பளப் புள்ள, அவ பேரு பாடுல வராது. ஊர்ல பேர் வாசிக்கிறவர் தவிர வேற யாரும் போனவங்க பேர வாசிக்கக் கூடாதுன்னு நைனா சொல்லும்."

மணி இரண்டே கால். வெள்ளைத் தாளுக்கு எந்த மகராசன் மார்க் போடுவான்? எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. செத்துப்போனவள் போனாள், இருக்கிறவளையும் தின்னவேண்டுமா? "ஊரும் வேணாம், ஒருத்தரும் வேணாம். நான் வாசிக்கிறேன். நீ இல்லன்னு சொல்லு" என்றேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

எழுந்து நின்று, கோயிலில் வாசிப்பது போலவே சத்தமாகக் கூப்பிட்டேன்.

"மனோரமா!"

மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டரின் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. வெளியே வெள்ளை வெயில். உள்ளே மட்டும் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி குளிர்.

"எப்படிக்கா சொல்றது? சேந்தே நர்சிங் போலாம்னு சொன்னாக்கா. எனக்கு நோட்டெல்லாம் அவதான் எழுதிக் குடுப்பா…" ராஜாத்தி அழுதாள்.

"சொல்லுடி!"

பின்சுவரிலிருந்து தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொட்டுகிற சத்தம்.

பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தால் கேட்கிற சத்தம்.

நான் திரும்பவில்லை. ராஜாத்தி என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை.

"மன்னிச்சுக்கடி" என்றாள். அது எனக்குச் சொன்னதில்லை. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள். "இல்ல! மனோரமா இல்ல!"

மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பெஞ்சு காலி. பலகையில் மட்டும் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம்.

விடைத்தாளை மறுபடி இறக்கினேன். இரண்டாவது கேள்விக்கும் பதில் இருந்தது. நான்காவதற்கும் இருந்தது. ஒரு இடம்கூட வெள்ளை இல்லை. கோடும் இல்லை. மாதாவே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, கடைசி நாள் கூட்டத்தில் சைட் தொங்கித் தொங்கி, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விண்ணப்பத்தை அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் மறுமதிப்பீடு வந்தது. அறுபத்தாறு. தாமோதரன் ஒரு கூடை நண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடந்தது எதையும் நாங்கள் இருவரும் அவரிடம் சொல்லவில்லை. சீட்டும் கிடைத்தது. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆகி, புதுப் பையோடு ராஜாத்தி பஸ் ஏறினாள். எல்லாம் முடிந்தது என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, இங்கயும் பேர் வாசிக்கிறாங்கக்கா."

"வாசிக்கட்டுமே. உன் பேருக்கு மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காதே."

"நான் தொறக்கலக்கா." குரல் தேய்ந்து வந்தது. "மொத நாளு மேடம் என் பேருக்கு முன்னாடி மனோரமான்னு வாசிச்சாங்க. லிஸ்ட்டுல அவ பேரே கெடையாது, நான் பாத்தேன். நான் இல்லன்னு சொல்ல வர்றதுக்குள்ள, பக்கத்து சீட்டுலேருந்து பதில் வந்துடுச்சு. உண்டுன்னு. அவளே சொல்றாக்கா. மேடம் நிமிந்துகூட பாக்கல, டிக் போட்டுட்டாங்க. தினம் இப்படித்தான்."

அதுவரை மனோரமாவுக்காகக் குரல் கொடுக்க உயிரோடு இருக்கிற ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஊர் அல்லாத ஊரில், கோயில் அல்லாத இடத்தில், பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரலாம் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான்.

"பக்கத்து சீட்டுல யாரு இருக்கா, ராஜாத்தி?"

"யாருமில்லக்கா. பெஞ்சுதான் ஈரமா இருக்கு."

போனுக்குள் எங்கோ தண்ணீர் சொட்டியது. அவள் அறையிலா, என் பின்சுவரிலா என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னிக்கு மொத டெஸ்ட்டு பேப்பர் குடுத்தாங்க" என்றாள். "எல்லா கேள்வியும் எழுதுனேன்க்கா. ஒண்ணுகூட வுடல. இருபத்தஞ்சுக்குப் பன்னெண்டரை."

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"இதுக்கு மறுமதிப்பீடு எங்கக்கா போடறது?"